மேற்கே ஜன்னல் வைத்த மாடி வீடு

மகளுக்கு மூன்று வயசு நடக்கும்போது மூச்சு இழுப்பு வந்தது. அதற்காகத்தான் வீடு மாறினோம். கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொன்னேன். ரொம்ப நாள் எனக்குள்ளேயும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே நடைவாசல், உள்ளே எதிரும் புதிருமாக ஒன்பது வீடு, நடுவில் ஒரு கிணறு, கடைசியில் எல்லாருக்குமாக ஒரு கக்கூஸ். நயா பைசா வந்த புதுசு அது. என் வீட்டுக்காரர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். காலையில் ஒன்பது அடுப்பும் ஒரே நேரத்தில் பற்றும். போக வழியில்லாமல் புகை ஓட்டுக்கு அடியிலேயே நிற்கும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கும். விலாவில் எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வரும். பூனை கத்துகிற மாதிரி நெஞ்சுக்குள் ஒரு சத்தம் கேட்கும். அழக்கூட மூச்சு இருக்காது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரைச் சத்தம் போட்டார். "இந்தப் புகையிலயும் நெரிசல்லயும் பிள்ளையைப் போட்டு வச்சுக்கிட்டு எங்கிட்ட மருந்து கேக்கிய. மொதல்ல காத்தோட்டமா ஒரு வீடு பாருங்க."

எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. பிள்ளை மூச்சு முட்டிக் கிடக்கும்போது சந்தோஷமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? வந்தது. அந்த வளவில் எனக்கு இருக்க முடியவில்லை. கிணற்றடியில் ரெண்டு பெண்கள் நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன். கக்கூஸ் வாசலில் செம்போடு காத்து நிற்கக் கூச்சப்பட்டு, அடக்கி அடக்கியே வயிற்றுவலி வந்தது எனக்கு. யாராவது ஒரு வார்த்தை கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். அப்புறம் வீட்டுக்குள் வந்து அந்தப் பதிலைத் தனியாகச் சொல்லிப் பார்ப்பேன்.

வீடு பார்க்கிறோம் என்று தெரிந்ததும் கிணற்றடியில் பேச்சாகிவிட்டது.

"புது நகர்ல வீடு பாக்காவளாம். அங்கன நாலு வீடுதாம் இருக்கு. நாளு பூரா நரி மாதிரி தனியா கெடக்கணும். ஆருகிட்டட்டி பேசுவ?" என்று எதிர்வீட்டுக்காரி என்னைக் கேட்டாள்.

நான் சிரித்தேன். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சொன்னாள், "இங்கன இருந்து மட்டும் பேசிக் கிழிச்சிட்டாளாக்கும்! நாலு வருசமாச்சு, இவ கொரலு ஆம்பளக் கொரலா பொம்பளக் கொரலான்னு எனக்குத் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் தூதுவளையும் துளசியும் கொண்டு வந்து கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கு ரெண்டு நாள் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வைகாசியில் வீடு பார்க்கப் போனோம். எங்கள் பக்கம் பங்குனியில் வீடு மாற மாட்டார்கள். ஆடி, மார்கழியில் நினைக்கவே மாட்டார்கள். சித்திரையும் வைகாசியும்தான் வீடு தேடுகிற மாசம். குற்றாலத்துச் சாரல் கொட்டுவது ஆனிக் கடைசியிலும் ஆடியிலும். அதனால் சாரல் காலத்தில் ஒரு வீடு எப்படியிருக்கும் என்று குடிபோகும் முன்பு யாரும் பார்ப்பதே இல்லை. வெயிலில் பார்த்தால் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். இதை இப்போது சொல்லுகிறேன். அப்போது எனக்குத் தெரியாது. நான் பிறந்தது வாசுதேவநல்லூர். அங்கே மலை தெரியும், காற்று அடிக்கும், சாரல் கிடையாது. கல்யாணமாகி வந்த பிறகு வளவுக்குள்ளேயே கிடந்ததால், சாரல் என்றால் ஓட்டில் பொசுபொசு என்று கேட்கிற ஒரு சத்தம் என்றுதான் வைத்திருந்தேன்.

முதலில் குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு வீடு. தரை வீடு. மலையை விட்டு நல்ல தூரம். சுவர் தடிமனாக, ஜன்னல் சின்னதாக இருந்தது. வாசலில் காலை வைத்த உடனே வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம் முழுக்க வெளியே வந்துவிட்டது. அம்மா, மருமகள்கள், அவர்கள் பிள்ளைகள். பக்கத்து வீடு அவர்களது. நடுவே சுவர் கூட இல்லை, ஒரே முற்றம்.

"எந்த ஊரும்மா ஒனக்கு? ஒத்தப் பிள்ளதானா? மூணு வயசுக்கு மேலயும் அடுத்தது உண்டாகலியா? ஏன் இப்பிடி மெலிஞ்சு கெடக்க?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மருமகள் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இன்னொருத்தி என் சேலை முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க எடுத்தது?" என்றாள். வளவைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் புது நகர். குற்றாலம் போகிற ரோட்டில் பாதித் தூரத்தில், வயலை நிரவி மனை போட்டிருந்தார்கள். செஞ்சரளைப் பாதை, ரெண்டு பக்கமும் எல்லைக்கல், கல்லுக்குக் கல் கொழுஞ்சிச் செடி. ஐந்தாறு வீடுதான் எழும்பியிருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. கடைசி வீட்டில் கீழே வீட்டுச் சொந்தக்காரரும் அவர் சம்சாரமும். பிள்ளைகள் வெளியூரில். மாடியில் குடி வைக்கிறார்கள். மாடிக்கு வெளியிலிருந்தே தனிப் படி. யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிப் போகலாம், இறங்கி வரலாம். தண்ணீருக்கு மாடியிலேயே ஒரு தொட்டி. கக்கூஸ் தனி. அதன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். மறுபடியும் ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

பட்டாசல் என்கிற கூடத்தில் மேற்கே பெரிய ஜன்னல். மரக்கதவைத் திறந்ததும் மலை மொத்தமும் உள்ளே வந்தது. சுண்ணாம்பு மணம் போகாத சுவர். பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, காத்து!" என்றாள்.

"காத்துக்குப் பஞ்சமில்ல அண்ணாச்சி. பேன் தேவையே இல்ல," என்று வீட்டுச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா என்னை அடுப்படிக்குள் கூட்டிப் போனார். நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தி, "வீட்டப் பத்தி நான் கொற சொல்லக் கூடாது," என்றார். "ஆனாலும் கைப்பிள்ளக்காரி, ஒங்கிட்ட மறைக்கக் கூடாதுல்லா. ஆனி பாதியில மேக்க மலையிலேருந்து மேகாத்து ஆரம்பிச்சா இந்த ஜன்னல்ல சாரல் நேரா அடிக்கும். கதவச் சாத்துனாலும் இடுக்கு வழியா வரும். ரெண்டு மாசம் ஒரு துணி காயாது. செவரு பூத்துப் போயிரும். கீழ எங்களுக்கு அவ்வளவு இல்ல. மேல கஷ்டம். கணப்புப் போட்டுச் சமாளிச்சிரலாம். ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லி, யோசிச்சு வாங்க."

நான் தலையாட்டினேன்.

திரும்பி நடந்து வரும்போது ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம். பிள்ளை அவர் மடியில் தூங்கிவிட்டது. அவர் மேல்துண்டால் அதற்கு விசிறிக்கொண்டே கேட்டார், "ஏளா, ரெண்டுல எது ஒனக்குப் பிடிச்சிருக்கு?"

கல்யாணமாகி அதுவரைக்கும் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றில்லை, கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன் என்று விட்டிருப்பார்.

"மாடி வீடு," என்றேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "ஏன்?"

"பிள்ளைக்குக் காத்து வேணும்லா."

"அடுப்படியில அந்தம்மா ஒங்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டிருந்தாவளே?"

"தண்ணி வசதியப் பத்திச் சொன்னாவ," என்றேன்.

அவ்வளவுதான். எத்தனையோ பொய் எத்தனையோ பேர் சொல்லுவார்கள். நான் அதிகம் பேசியவளில்லை, அதனால் அதிகம் பொய் சொன்னவளுமில்லை. சொன்னது இதுதான். தெரியாமல் சொல்லவில்லை. சாரல் என்றால் ரெண்டு மாசம், ஜன்னலைச் சாத்திக்கொண்டால் போகிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அந்தத் தனிப் படி வேண்டியிருந்தது. கதவு வைத்த அந்தக் கக்கூஸ் வேண்டியிருந்தது. யாரும் எதுவும் கேட்காத ஒரு இடம் வேண்டியிருந்தது. பிள்ளை பெயரைச் சொல்லி அதை வாங்கிக்கொண்டேன்.

வைகாசி முடிவதற்குள் பால் காய்ச்சிக் குடிபோனோம். முதல் மூன்று வாரம் பிள்ளைக்கு ஒரு நாள் கூட இழுப்பு இல்லை. அந்த மூன்று வாரத்தை நான் மறைக்க மாட்டேன். அந்த மாதிரி நான் அப்புறம் இருந்ததில்லை. பகல் முழுக்க நானும் பிள்ளையும்தான். நான் வாய் விட்டுப் பேசினேன். மலைக்கு, மாட்டுக்கு, பறக்கிற கொக்குக்கு எல்லாம் பெயர் வைத்துக் கதை சொன்னேன். பிள்ளை, "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கேட்கும். ஒரு நாள் படியேறி வந்த என் வீட்டுக்காரர் வெளியிலேயே நின்றுவிட்டார். "உள்ள யாரு வந்திருக்கான்னு நெனச்சேன். இவ்வளவு பேசுவியாட்டி நீ?" என்றார்.

ஆனி பதினைந்து இருக்கும். ஒரு நாள் காலையில் மலையைக் காணவில்லை. வெள்ளையாக ஒரு மூடாக்கு. மத்தியானம் காற்று எழும்பியது. ஜன்னல் கதவு ரெண்டும் படார் படார் என்று அடித்தது. சாத்திக் கயிறு போட்டுக் கட்டினேன். கதவு இடுக்கு வழியாக மாவு சலித்த மாதிரி தண்ணீர் வந்தது. சாயந்தரத்துக்குள் பாய் நனைந்துவிட்டது.

ஒரு வாரத்தில் உப்புச் சாடியில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. தீப்பெட்டியை இடுப்பில் செருகிச் சூடாக வைத்திருந்து உரசினால்தான் பற்றும். சுவரில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூத்தது. துடைத்தால் மறுநாள் வேறு இடத்தில் பூக்கும். பிள்ளையின் பாவாடை நாலு நாளாகியும் காயாமல் ஒரு வாடை வீசியது. எட்டாம் நாள் அந்தப் பூனைச் சத்தம் அவள் நெஞ்சில் மறுபடியும் கேட்டது. வளவில் காலையில் வந்தால் மத்தியானம் அடங்கும். இங்கே அடங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே தூங்கினாள். சோறு விழுங்க மூச்சு இல்லை, கஞ்சியைச் சங்கில் ஊற்றினேன்.

அந்தச் சமயத்தில் குற்றாலத்துக்குச் சீசன் கூட்டம். ரோட்டில் காரும் பஸ்ஸும் குதிரை வண்டியுமாகப் போகும். தலையில் எண்ணெய் வழிய, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாரலில் நனைந்து கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். எங்கெங்கேயோ இருந்து இந்தக் காற்றுக்காக வருகிறார்கள். நான் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, இந்தக் காற்றை எங்கே கொண்டு போய்த் தொலைக்க என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் வீட்டுக்காரம்மா கணப்புச் சட்டியில் கரி போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் பதறிப்போனார். சரியாக அப்போது என் வீட்டுக்காரரும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா அண்ணாச்சி!" என்று அந்தம்மா அவரைப் பார்த்துக் கேட்டார். "அடுப்படியில வச்சு ஒங்க வீட்டுக்காரிகிட்ட ஒண்ணுவிடாமச் சொன்னேனே. சாரல் அடிக்கும், பிள்ளக்காரங்களுக்கு ஆகாதுன்னு. ஒங்ககிட்ட சொல்லலியா இவ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கணப்பைப் பார்த்தேன்.

"சொன்னா," என்றார். "நான்தான் காதுல வாங்கல."

அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு, "ஆம்பளைங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தார். பிறகு பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஏன் மறைத்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, சாகிற வரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் நான் தயாராக வைத்திருந்தேன், வளவில் வைத்திருந்த மாதிரி.

மறுநாள் கோர்ட்டுக்குப் போகாமல் குத்துக்கல்வலசைக்குப் போனார். அந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஆடி பிறந்து ரெண்டு நாளாகியிருந்தது. சாயந்தரம் திரும்பி வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொன்னாவ?" என்றேன்.

"ஆடியில புதுசா ஒருத்தரக் குடி வச்சு அடுப்புப் பத்த விட்டா என் குடும்பத்துக்கு ஆகுமான்னு கேக்காரு. ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க, சாவி ஒங்களுக்குத்தாங்காரு. கெஞ்சிப் பாத்தேன். பிள்ளைக்கு முடியலன்னு சொன்னேன். அதுக்கு, அப்பம் முடியாத பிள்ளயத் தூக்கிக்கிட்டா ஆடியில வருவிய, இன்னும் மோசமில்லாங்காரு."

குத்துக்கல்வலசைக்காரர் மேலே எனக்குக் கோபமில்லை. எங்கள் வீடாக இருந்து வேறொருத்தர் வந்து கேட்டிருந்தால் நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். வளவில் எங்கள் வீட்டில் வேறு ஆள் வந்தாகிவிட்டது. மூன்று நாள் முன்னால் நான் வாயைத் திறந்திருந்தால் ஆனியிலேயே போயிருக்கலாம். அதைத்தான் படியில் நின்றபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாசுதேவநல்லூரில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு விவசாயம். கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு கார்டு போட்டார். மூன்றாம் நாள் அக்கா வந்து இறங்கினாள். படியேறி உள்ளே வந்து சுவரைத் தடவி, கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் துட்டுக் குடுத்துக் குத்தாலத்துக்குக் குளிக்க வருதான். நீங்க படுத்த எடத்துலயே குளிக்கிய," என்றாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் கேலி பண்ணவில்லை.

நானும் கூடப் போவதாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது ரெண்டாவது உண்டாகி மூன்று மாசம். ரெண்டு நாளாக லேசாக உதிரம் பட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் குலுங்கிப் போகவே கூடாது, படுத்தே இரு என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

"ஆவணி பொறக்கட்டும், கொண்டாந்து விட்டுருதேன். என்ன, ஒரு மாசம். எங்கூட இருக்க மாட்டாளா?" என்றாள் அக்கா. பிள்ளை அவள் தோளில் வாயைத் திறந்தபடி கிடந்தது. படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. நான் படுத்திருந்தேன். இறங்கிப் போகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஆடி முடிவதற்குள் வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தரிக்கவே இல்லை. ஆவணி முதல் தேதி நான் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். குத்துக்கல்வலசைக்காரர் பத்து நாள் சாவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் அவரை என்ன சொல்ல முடியும்?

ஆவணிக் கடைசியில் என் வீட்டுக்காரர் மட்டும் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். கன்னம் வைத்திருக்கிறாள் என்றார். அத்தான் பின்னாலேயே வயலுக்கு ஓடுகிறாளாம். போனதிலிருந்து ஒரு தடவைகூட இழுப்பு இல்லையாம். "இன்னும் ஒரு மாசம் கெடக்கட்டும்ங்கா ஒங்க அக்கா. ஐப்பசி மழ முடியட்டும்ங்கா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

தை மாசம் கொண்டுவந்தாள் அக்கா. பத்து நாள் இருந்தார்கள். சுவர் காய்ந்துதான் இருந்தது. ஆனால் பிள்ளை அந்த அறைக்குள் வர மாட்டேன் என்று அழுதது. அக்கா கொஞ்ச நேரம் கீழே போனாலும் படியில் போய் நின்றுகொள்ளும். போகிற அன்றைக்கு அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "விஜயதசமிக்கு அங்கனயே பள்ளிக்கூடத்துல சேத்துரவா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது சொல்ல? சேர்த்துக்கோ என்றேன்.

அப்புறம் ஒவ்வொரு வைகாசியிலும் என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்பார். "வேற வீடு பாப்பமா? பாத்துட்டுப் பிள்ளயக் கூட்டியாந்திரலாம்." ரெண்டு மூன்று வருஷம் கேட்டார். நான் எழுந்து போய் அவருக்குத் தட்டு வைப்பேன். உனக்கு எது பிடிச்சிருக்கு என்று ஒரு தடவை கேட்டு, நான் சொல்லி, அதில்தான் இப்போது இருந்தோம். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். புது நகரில் வீடுகள் நெருக்கமாக எழும்பிவிட்டன. பக்கத்து மனையில் கட்டிய வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பாள். "ஒங்களுக்குப் பிள்ள இல்லியா?" என்று அவள் முதல் தடவை கேட்டபோது நான் உள்ளே போய்விட்டேன்.

மகளுக்கு ஏழு வயசில், பரீட்சை லீவுக்கு அத்தான் கொண்டுவந்து விட்டுப் போனார். நல்ல வெயில் காலம். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னின ரெட்டைச் சடை, கையில் ஒரு துணிப்பை. உயரமாகியிருந்தாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள், சத்தமே இல்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவை அவள் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. என்னைத் தென்காசி அம்மா என்பாள். அதுவும் யாரோ சொல்லிக் கொடுத்ததுதான்.

அவளுக்காக அதிரசம் சுட்டு வைத்திருந்தேன். ஒன்றைத் தின்றுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைக்காமல் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்படி வாசலில் நிறைகுடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கூச்சம், என்னை மாதிரியே. சொல்ல வந்ததை ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நான் கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடிச்சுக்கிடட்டா?"

குடிம்மா என்றேன். டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நானே மோந்து கொடுத்தேன்.